தறிக்கூடத்தில் இரண்டு நாடுகள்

அருப்புக்கோட்டையில் தனியாளாக இருக்கிற ஒரு பொம்பளைக்கு வாடகை வீடு கிடைப்பது எப்பேர்ப்பட்ட பாடு என்பது பட்டவளுக்குத்தான் தெரியும். திருச்சுழி தாலுகா ஆபீஸில் எனக்குத் தட்டச்சர் வேலை. என் ஊர் அங்கிருந்து இன்னும் தெற்கே. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். ஊரிலிருந்து ஆபீஸுக்கு வர நேரத்துக்கு பஸ் கிடையாது என்பதால் அருப்புக்கோட்டையில் வீடு தேடினேன். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, யார் யார் வந்து போவார்கள், கவிச்சி சமைப்பீர்களா என்று போன வீட்டிலெல்லாம் என்னைக் குடைந்து எடுத்தார்கள். ஒருவர் மட்டும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்த குடையைக் கொடுக்கச் சொன்னார்.

கொடுத்தேன். விரித்தார், கம்பிகளுக்கு உள்ளே எட்டிப் பார்த்தார், கைப்பிடியைத் திருப்பினார், பெருமூச்சு விட்டார். "சீனா" என்றார். பிறகு என் பையிலிருந்த தூக்குப்போணியை அவரே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். மத்தியானம் தின்ற புளிச்சோற்றின் மிச்சம் தரையில் விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை, முகமெல்லாம் பூரித்துவிட்டது. "இது நம்ம நாடு. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. வீடு புடிச்சிருந்தா நாளைக்கே வந்து பாலைக் காய்ச்சுங்க தங்கச்சி" என்றார். அட்வான்ஸ், வாடகை எல்லாம் அவருடைய மனைவி வந்து பேசித்தான் முடிவானது.

அப்படித்தான் நான் அந்த அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். கீழே தறிக்கூடம், அதை ஒட்டி அவர்கள் வீடு, மேலே நான். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், தறிக்கூடத்தில் தமிழ். தெருவில் அவருக்கு "இண்டியா சைனா" என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

எந்தச் சாமானைக் கண்டாலும் அதைக் கவிழ்த்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்தாக வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்து போனபோது நாங்கள் துக்கம் கேட்கப் போனோம். உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். மனிதர் அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தை வாசித்தார். கால் உடைந்த நாற்காலியைப் போட்டுவிட்டோம் போல என்று பதறிப்போய், இறந்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டு வேறொன்று கொண்டுவந்தார். அண்ணன் அதையும் தூக்கினார். எனக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாமா என்றிருந்தது.

வீரசோழன் ஊரில் ஒரு பாய் வைத்திருக்கிற சாமான் கடைக்குப் போனால் அவ்வளவுதான். பாத்திரம், டார்ச் லைட்டு, கொசு மட்டை என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போவார், ஒன்றும் வாங்க மாட்டார். கடைக்கார பாய் நல்ல மனுசர். ஒரு நாள் ஸ்டூல் ஒன்றை எடுத்துப் போட்டு, நிதானமாக உட்கார்ந்தே பாருங்க, ஆனால் பாத்த சாமானைப் பாத்த இடத்திலேயே வைத்துவிடுங்க என்று சொன்னார். அண்ணன் ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இதற்கெல்லாம் பின்னால் அவருக்கு ஒரு கவலை இருந்தது. அதை டீக்கடையில் யார் மாட்டினாலும் சொல்லுவார்.

"நம்மளும் அவுகளும் ஏறக்கொறைய ஒரே சமயத்துலதான் கடையத் தொறந்தோம். ரொம்ப வருசம் ரெண்டு கடையிலயும் ஈதான் ஓட்டுனோம். அப்புறம் பாத்தா அவுக மட்டும் மாடிக்கு மேல மாடி கட்டிட்டாக. எங்க விட்டோம்? அது தெரிஞ்சாகணும்."

எங்க விட்டோம் என்கிற அந்தக் கேள்வியை அவர் கேட்காத ஆள் கிடையாது. தாசில்தாரிடம் கேட்டு வரச் சொல்லி என்னிடமே சொல்லியிருக்கிறார். தாசில்தாரிடம் போய், சீனாவிடம் நாம் எங்கே விட்டோம் என்று நான் கேட்டால், மறுநாளே எனக்கு எங்கே மாற்றல் வருமோ. கேட்டதாகவும், அவர் யோசித்துச் சொல்வதாகவும் சொல்லிவைத்தேன்.

தறிக்கூடத்தில் இரண்டு வரிசைத் தறிகள் இருந்தன. இடது பக்கம் பழைய விசைத்தறிகள். மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, அவருடைய அப்பா சீதனமாகக் கொடுத்தது. எல்லார் வீட்டிலும் கட்டில், பீரோ வந்தால் இவர் வீட்டுக்கு மாட்டுவண்டியில் தறி வந்ததாம். அந்த வரிசையை மதினிதான் ஓட்டுவார். வலது பக்கம் அண்ணன் ஒரு புரோக்கர் மூலம் வாங்கிப் போட்ட தறிகள். இவற்றில் நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுகிற நாடா கிடையாது, ஒரு கம்பி வந்து நூலைக் கவ்விக்கொண்டு போகும். சீனத் தயாரிப்பு, அங்கே ஓடி ஓய்ந்து இங்கே வந்தவை. அவற்றை ஓட்டப் பாலவநத்தத்திலிருந்து ஓர் ஆள் வருவார்.

வாங்கிப் போட்ட நாளிலிருந்து அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. குடையில் சீனாவைப் பார்த்தே பெருமூச்சு விடுகிற மனுசன், சீனாவையே நடுவீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் போட்டி வைத்தார். இடது வரிசைக்கு இந்தியா என்று பெயர், வலது வரிசைக்குச் சீனா. ஆயுத பூசையில் தொடங்கி அடுத்த ஆயுத பூசை வரை, இரண்டும் நெய்கிற சேலைக் கணக்கைச் சுவரில் கோடாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். எங்கே விட்டோம் என்பது நம் கண் முன்னாலேயே தெரிந்துவிடும் என்றார்.

இதற்காக ஒரு பக்கச் சுவரில் காலண்டர், சாமி படம் எல்லாம் கழற்றப்பட்டன. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மதினி அன்றைய சேலைகளை மடித்து, ஒவ்வொன்றின் உள்முனையிலும் தங்கள் வீட்டு முத்திரையைக் குத்தி அடுக்குவார். அண்ணன் அடுக்கைப் பார்த்துவிட்டுக் கரித்துண்டை எடுப்பார். இன்று நெய்ததை நேற்றைய கோட்டின் தலையில் சேர்ப்பது அவர் முறை. அதனால் கோடு ஏறுமே தவிர இறங்காது. இது என்ன கணக்கு அண்ணே என்று கேட்டேன். இறங்குகிற கோட்டைப் பார்த்தால் வேலை செய்ய மனசு வராது என்றார்.

அவர் இந்தியா பக்கம் என்பதை ஒளிக்கவே மாட்டார். கரண்டு போனால் இரண்டு பக்கமும்தான் நிற்கும், ஆனால் இந்தியாவுக்குத்தான் நஷ்டம் என்பார். மதினி தலைவலி என்று உட்கார்ந்தால், சீனாவையும் நிறுத்து, நியாயம் நியாயம்தான் என்று பாலவநத்தத்துக்காரரிடம் கத்துவார். அந்த மனுசருக்கு இதில் பெரிய வருத்தம். தெருவில் எல்லாரும் அவரைச் சீனாக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சம்சாரத்துக்கு ரேஷன் கடையில் "சீனாக்காரவுக வந்துட்டாக, வழி விடுங்க" என்று மரியாதை வேறு. ஒரு நாள் அவர் என்னிடம் வந்து, தாலுகா ஆபீஸில் இருப்பிடச் சான்று வாங்க என்ன வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள என்றார்.

மாடியில் இருக்கிற எனக்குப் போட்டி நிலவரம் பாதத்திலேயே தெரியும். இந்தியா தரையை இடிக்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து விளிம்புக்கு வந்து நிற்கும். சீனா ஓடினால் தரை சன்னமாக அதிரும், அவ்வளவுதான். ஒரு நாள்கூட அது மூச்சு வாங்கியதில்லை. சித்திரைக்குள் சீனாவின் கோடு ஆள் உயரத்தைத் தாண்டி, அண்ணன் ஏணி போட்டு ஏற வேண்டியதாயிற்று. இந்தியா அவர் இடுப்பில் நின்றது. கரித்துண்டோடு ஏணியிலிருந்து இறங்கும்போது முகத்தில் கரியா கவலையா என்று தெரியாது.

மனதை ஆற்றிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரலிங்கபுரம் போகலாம் என்று மதினியையும் என்னையும் பஸ் ஏற்றினார். அங்கே பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பேச்சு. போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெயிலும் கருவேலமும்தான். அண்ணன் கையை இடுப்பில் வைத்து, இந்த இடத்தில்தான் நாம் அவுகளைப் பிடிக்கப் போகிறோம் என்று காட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் ஒரு தகரப் பலகை நட்டிருந்தது. முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு சுற்றிப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்தார். வேட்டி மாட்டிக்கொண்டது. நானும் மதினியும் முள்ளெடுத்து மீட்டுவந்தோம். பலகை எந்த நாடு என்று கடைசி வரை தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அந்தக் குண்டைப் போட்டார். கூடத்தில் இடம் போதவில்லையாம். புரோக்கர் இன்னும் ஒரு செட்டு தறி இருப்பதாகச் சொல்கிறாராம். ஆகவே ஆயுத பூசை முடிந்ததும் தோற்ற நாடு பழைய இரும்புக் கடைக்குப் போகும். எந்த நாடு தோற்கப் போகிறது என்று பஸ் கண்டக்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

 மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மதினி என்னிடம் சொன்னார். "அந்தத் தறி இருக்கப்போய்த்தான் தங்கச்சி, இந்த வீட்டுல என்னைய ஒரு வார்த்தை கேட்டுச் செய்றாக. அது போயிருச்சுன்னா நான் சோறாக்குறவ. அம்புட்டுத்தான்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே கீழே இறங்கிப் போய் அண்ணனிடம் சண்டை போட்டேன். கிழட்டுத் தறியையும் வேகத் தறியையும் ஒன்றாக ஓடவிட்டு நியாயம் பேசுகிறீர்களே, இது அடுக்குமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உலகத்திலும் அப்படித்தானே தங்கச்சி ஓடவிட்டிருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். இந்த மனுசனிடம் என்ன பேசுவது? போட்டியும் அவர் வைத்ததுதான், தோற்கிறதும் அவர் கட்சிதான், வருத்தமும் அவருக்குத்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்ன விதியை மாற்றச் சொன்னால், மாற்ற மாட்டார்.

அன்று முதல் மதினி விடிவதற்கு முன்னால் எழுந்து தறியைப் போட ஆரம்பித்தார். தன் கூடப்பிறந்த தங்கச்சி மகள் சடங்குக்குக்கூட பந்தல்குடிக்குப் போகவில்லை. என் டம்ளர்கள் இரண்டு கீழே விழுந்து நசுங்கின. மிச்சத்தை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டேன். மதினி எவ்வளவு ஓட்டியும் கோடு அண்ணனின் நெஞ்சுக்குத்தான் வந்தது. சீனா கூரையை முட்டிவிட்டது.

ஆயுத பூசை வந்தது. எல்லாத் தறியையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்தார்கள். சாமிக்கு முன்னால் இரண்டு நாடுகளும் அமைதியாக நின்றன. அண்ணன் சூடம் காட்டும்போது இடது வரிசைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் காட்டினார். மதினி கும்பிட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் விருதுநகர் ரோட்டுப் பழைய இரும்புக்காரர் குட்டியானை வண்டியோடு வந்துவிட்டார். நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். அவருடைய ஆட்கள் முதல் தறியின் போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். தறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தனை வருசமாகத் தரையோடு தரையாக முடுக்கிக் கிடந்த தறியின் அடிப்பக்கம் அப்போதுதான் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது.

அண்ணனால் சும்மா இருக்க முடியுமா? ஆட்களை அப்படியே பிடிக்கச் சொல்லிவிட்டுத் தரையில் படுத்து அடியில் தலையை நுழைத்தார். கிரீஸும் பஞ்சுத் தூசியும் அப்பிக் கிடந்த இரும்பை வேட்டியால் துடைத்தார். வார்ப்பிலேயே இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. இந்தியா, சீனா இரண்டும் அவருக்கு எழுத்தின் உருவத்திலேயே அடையாளம் தெரியும். இது இரண்டும் இல்லை.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் வாசிங்க."

நான் குனிந்து பார்த்தேன். எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. "ஜப்பான் அண்ணே" என்றேன்.

அவர் அடுத்த தறியையும் சாய்க்கச் சொன்னார். அதுவும் ஜப்பான். நாலும் ஜப்பான். மதினியின் அப்பா எந்த மில்லிலிருந்து ஏலத்தில் எடுத்தாரோ, யாருக்குத் தெரியும்? ஊரிலுள்ள குடை, நாற்காலி, ஸ்டூல் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்த மனுசன், தன் வீட்டுத் தறியை மட்டும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வருசம் பூராவும் சீனாவும் ஜப்பானும் ஓடியிருக்கின்றன.

"அப்ப இந்தியா போட்டியிலேயே இல்லையா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பாலவநத்தத்துக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். இரும்புக்காரர், எந்த நாடாக இருந்தாலும் எடை ஒன்றுதான், ஏற்றவா வேண்டாமா என்று கேட்டார்.

அப்போதுதான் மதினி வெளியே வந்தார். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். அன்று எல்லாருக்கும் புரியட்டும் என்றே தமிழில் பேசினார். கையில் இரண்டு சேலைகள். ஒன்று இடது வரிசையில் நெய்தது, ஒன்று வலது வரிசையில் நெய்தது. இரண்டையும் அண்ணன் மடியில் போட்டார்.

"ஊருல உள்ளதையெல்லாம் திருப்பிப் பாக்குறீகள்ல. இதைய என்னைக்காச்சும் திருப்பிப் பாத்தீகளா?"

அண்ணன் ஒரு சேலையின் உள்முனையைத் திருப்பினார். அவர்கள் வீட்டு முத்திரை, கீழே அருப்புக்கோட்டை. மற்றதைத் திருப்பினார். அதே முத்திரை, அதே அருப்புக்கோட்டை. தினமும் ராத்திரி அவர் கண் முன்னால் குத்தின முத்திரைதான். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.  பிறகு எழுந்து, இரும்புக்காரரிடம் தோற்ற நாடு எதுவும் இல்லை, அதனால் விதிப்படி ஏற்றுவதற்கு ஒன்றும் கிடையாது என்று விளக்கமாகச் சொன்னார். வண்டி வாடகைக்காக அந்த மனுசர் கத்திய கத்தல் பெரியாஸ்பத்திரி வரை கேட்டிருக்கும். அவர் போகும்போது வண்டியின் பின்பலகை எந்த ஊரில் செய்தது என்று அண்ணன் விசாரித்தார்.

புரோக்கருக்கு அன்றே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்லி அனுப்பியது மதினி.

அதற்கப்புறம் ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. ஒரு காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அண்ணன் கரித்துண்டோடு நிற்கிறார். பின்னால் மதினி, சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு.

விஷயம் இதுதான். இரண்டு வரிசையில் நெய்ததும் நம் சேலையென்றால், இரண்டு கோட்டையும் கூட்டினால்தானே இந்தியா? கூட்டியிருக்கிறார். ஒன்றின் தலையில் மற்றொன்றை ஏற்றிப் போட்டால் கீழ்ச்சுவர் பற்றவில்லை. சீனாவே கூரையை முட்டி நிற்கிறது, அதற்கும் மேலே நம் கோடு போகிறது.

"தங்கச்சி, இந்தியா மாடிக்கு வருது. உங்க சமையக்கட்டுச் சுவரு சும்மாதானே கெடக்கு?"

வாடகை கொடுக்கிறவள் என்கிற திமிரில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? மிளகாய் டப்பாவை நகர்த்திவைத்து இடம் விட்டேன். இந்தச் சுவரும் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று அளவை வெகுவாகச் சுருக்கி, தரையிலிருந்து கோட்டைத் தொடங்கினார். தை மாதம் அது அரிசிப் பானையைத் தாண்டியது. ஆடியில் அஞ்சறைப் பெட்டி அலமாரியைத் தொட்டது. எனக்கும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் பார்க்கிற கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யாராவது பிளாஸ்டிக் வாளி கொடுத்தால் கவிழ்த்துப் பார்க்கவும் ஆரம்பித்திருந்தேன். பிறகு எனக்கு ராஜபாளையம் பக்கம் மாற்றல் வந்தது. காலி செய்கிற அன்று மதினி ஒரு சேலை கொடுத்தார். வாங்கியதும் உள்முனையைத் திருப்பினேன். அண்ணனுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

போன மாதம் மதினி போன் செய்தார். அண்ணனுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, மதுரையில் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அந்தச் செயற்கை மூட்டைக் காட்டியிருக்கிறார். இவர் வாங்கிக் கவிழ்த்திருக்கிறார். வேறு ஏதோ நாடாம். நடக்கப்போவது அருப்புக்கோட்டையில்தானே, சும்மா படுங்க என்று மதினி ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் மயக்க ஊசிக்கு ஒப்புக்கொண்டாராம். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணனால் மாடி ஏற முடியாததால் கோட்டை இப்போது மதினிதான் போடுகிறார். எனக்குப் பிறகு அங்கே குடியிருக்கிற பிள்ளைகள் ஒன்றும் சொல்வதில்லையாம். அண்ணன் கீழே கட்டிலில் இருந்தபடி, எதுவரைக்கும் வந்திருக்கு, எதுவரைக்கும் வந்திருக்கு என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாராம். போனிலேயே அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

மதினி அவருக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "உன் சமையக்கட்டுச் சுவரும் முடிஞ்சிருச்சு தங்கச்சி. இனிமே மொட்ட மாடிதான். அங்க சுவரே இல்லையே, கோட்டை எதுல போட?"